மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

(நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே இருக்கிற பலருக்கு நாளை விடியற்காலை நாலரை மணிக்கு லாங் ரன் இருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

வங்கி, மென்பொருள் நிறுவனம், பள்ளிக்கூடம், கடை என்று எங்கோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கிற இருட்டில் ஓடுகிறவர்கள் நாம். ஓட்டத்துக்குச் சம்பளம் இல்லை. பலருக்குப் பயிற்சியாளர் இல்லை. அணி மருத்துவர் என்ற பேச்சே கிடையாது. தொழில்முறை ஓட்டக்காரர் ஒருவருக்குக் கெண்டைக்காலில் ஒரு பிடிப்பு வந்தால் அன்று மாலைக்குள் அதைப் பார்க்க ஆள் உண்டு. "இந்த வாரம் நீ ஓடக்கூடாது" என்று சொல்லும் அதிகாரமும் அங்கே யாருக்காவது உண்டு. நம் விஷயத்தில் ஓடத் துடிக்கிற ஆளே நீதிபதியாகவும் உட்கார வேண்டியிருக்கிறது. நம்முடைய காயம், குணம், பந்தயம் எல்லாவற்றுக்கும் நடுவில் கிடக்கிற சிக்கல் இது.

அந்த நீதிபதிக்கு ஒரே ஒரு விஷயம் நன்றாகப் புரிந்துவிட்டால் தீர்ப்பில் பாதி சரியாகிவிடும் என்பது என் கட்சி. நம் உடம்பு ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சு முந்திக்கொள்ளும். தசை அதன் பின்னால் வரும். தசைநாண் இன்னும் தாமதம். எலும்பு கடைசி.

புதிதாக ஓட வந்தவரைக் கவனித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் அதிக இரத்தத்தைத் தள்ளுகிறது. ஆறு வாரம் போனால் திணறல் அடங்குகிறது. அப்புறம் பெசன்ட் நகரிலிருந்து கிளம்பி, பேசிக்கொண்டே பத்து கிலோமீட்டர் போய்த் திரும்புகிறார். "எனக்கு இது வருகிறது" என்ற எண்ணம் பிறப்பது அப்போதுதான். அடுத்த வாரமே ஹாஃப் மாரத்தானுக்குப் பணம் கட்டிவிடுகிறார்.

அவருடைய எலும்புக்குள் அந்தச் சமயத்தில் நடப்பது வேறு. புதிய பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன்னையே கொஞ்சம் கரைத்துக்கொள்ளும். பழைய எலும்பை அரிக்கிற செல்கள் இரண்டு மூன்று வாரத்தில் தம் வேலையை முடித்துவிடும். அந்தக் குழிகளைப் புது எலும்பால் நிரப்புகிற செல்களுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வேண்டும். ஆகவே ஓட்டத்தைக் கூட்டிய முதல் ஒன்றிரண்டு மாதங்களில் எலும்பு முன்பிருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்கிற ஒரு காலம் உண்டு. மூச்சு மிக அருமையாக இருக்கிற காலமும் அதே காலம்தான். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும். தளம் போட்ட இரண்டாம் நாளே காங்கிரீட் பார்வைக்குக் கல்லாகத் தெரியும். ஆனாலும் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, நாள் கணக்குப் பார்த்துத்தான் முட்டுப் பலகையைப் பிரிப்பார்.

இதை மருத்துவ உலகம் முதலில் பார்த்தது ஓட்டக்காரர்களிடம் அல்ல, சிப்பாய்களிடம். 1855-ல் பிரைட்ஹௌப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், நெடுந்தூர அணிவகுப்புக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். அடிபட்ட சுவடு இல்லை, விழவும் இல்லை, ஆனால் காலை ஊன்ற முடியவில்லை. காரணம் அப்போது தெரியவில்லை. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897-ல், அந்த வகைப் பாதங்களைப் படமெடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே எலும்பில் விரிசல் இருப்பது தெரிந்தது. நாம் இன்று ஸ்ட்ரெஸ் ஃபிராக்ச்சர் என்கிறோமே, அது இதுதான். வயலிலிருந்தும் பட்டறையிலிருந்தும் வந்த பையன்களைத் திடீரென்று மூட்டையைச் சுமந்து நாளெல்லாம் நடக்கவைத்ததால் வந்தது. இன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நேரே காமராஜர் சாலைக்கு வருகிறவருக்கும் அதே வழியில்தான் வருகிறது.

எவ்வளவு கூட்டலாம் என்று எப்போதும் கேட்பீர்கள். "வாரத்துக்குப் பத்து சதவீதம்" என்ற சூத்திரம் எல்லா ஓட்டக் குழுக்களிலும் புழங்குகிறது. நெதர்லாந்தில் அதைச் சோதித்தே பார்த்தார்கள். 2008-ல் வெளிவந்த ஆய்வு அது. ஐந்நூற்றுச் சொச்சம் புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பத்து சதவீத விதிப்படி 13 வாரப் பயிற்சி, மற்றதற்கு வழக்கமான 8 வாரப் பயிற்சி கொடுத்தார்கள். காயப்பட்டவர்கள் முதல் பிரிவில் 20.8 சதவீதம், இரண்டாவதில் 20.3. வித்தியாசமே இல்லை.

2025-ல் டென்மார்க் ஆய்வாளர்கள் வேறொரு பக்கம் வெளிச்சம் காட்டினார்கள். கைக்கடிகாரத்தில் ஓட்டத்தைப் பதிவு செய்கிற ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒன்றரை ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். வாரக் கணக்கு அவ்வளவாகக் காயத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரே நாளின் ஓட்டம் காட்டிக்கொடுத்தது. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே மூச்சில் கூட்டினால் காயத்தின் அபாயம் ஏறத் தொடங்குகிறது. இரட்டிப்பாக்கினால் அபாயமும் இரட்டிப்புக்கு மேல் போகிறது. என்னைப் பொறுத்தவரை நமக்கு மிகவும் பயன்படுகிற கண்டுபிடிப்பு இது. ஏனென்றால் நம் வாழ்க்கை அப்படித்தான் அமைந்திருக்கிறது. வாரநாளில் அலுவலகம், குழந்தையின் பரீட்சை, ஊரில் கல்யாணம். இரண்டு மூன்று வாரம் ஓட்டம் சுருங்கிவிடும். "விட்டதைப் பிடிக்கணும்" என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே அடியாக 25 கிலோமீட்டர். வாரக் கணக்கு அழகாகத்தான் இருக்கும். கால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

இனி வலிக்கு வருகிறேன். ஓட்டக்காரருக்கு வலி அன்றாடச் சமாசாரம். எல்லா வலிக்கும் நிறுத்தினால் ஒருவரும் ஓட முடியாது. எந்த வலியோடு ஓடலாம், எதனோடு கூடாது என்பதைப் பிரித்தறிவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தசை வலி பரவலாக இருக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உள்ளங்கையால் தொடையையே தடவிக் காட்டுவோம். ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கிவிடும். தசைநாண் வலி காலையில் பெரிது. படுக்கையிலிருந்து இறங்கி வைக்கிற முதல் பத்து அடி நொண்டியடிக்கும், நடக்க நடக்கக் குறையும். குதிகாலுக்கு அடியில் வருகிற வலியும் அப்படித்தான், முதல் அடியில்தான் உயிர் போகும். எலும்பு வலியை ஒரே விரலால் தொட்டுக் காட்டலாம். ஓட ஓடக் கூடும். முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதும் விண்விண்ணென்று தெறிக்கும். இந்தக் கடைசி வகைக்கு ஒரு கிலோமீட்டர்கூட அனுமதி கிடையாது. அதிலும் தொடை இடுக்கில், அடி வைக்கும்போதெல்லாம் வலித்தால், தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த விரிசல் முழு முறிவானால் அறுவைச் சிகிச்சைவரை போகும். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டோடு நிம்மதியாக ஓடப் போகாதீர்கள், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

தசைநாணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம்மில் நாற்பதைத் தாண்டியவர்களை மிகவும் வாட்டுவது அது. அதைப் பற்றி நாம் தெரிந்துகொண்டதில் ஒரு முக்கியப் பகுதி ஓர் அமெச்சூர் ஓட்டக்காரரின் காலிலிருந்து வந்தது.

ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன், ஸ்வீடனின் வடக்கே உமேயோ நகரில் எலும்பு அறுவை மருத்துவர். தானும் ஓடுகிறவர். குதிகாலுக்குப் பின்னால் இருக்கிற தடித்த நாண், அக்கிலிஸ் என்கிறோமே, அதில் நெடுநாள் வலி. அந்தக் காலத்தில் அதற்கு ஓய்வு, ஓய்வு பலிக்காவிட்டால் அறுவை. தனக்கு அறுவை செய்யும்படி மேலதிகாரியிடம் கேட்டார். அவர் மறுத்துவிட்டார், நீ படுத்துவிட்டால் இங்கே வேலையை யார் பார்ப்பது என்பது அவருடைய கவலை. ஆல்ஃப்ரெட்சனுக்கு வேறு யோசனை வந்தது. நாண் அறுந்தே போய்விட்டால் அறுவை செய்துதானே ஆக வேண்டும்? படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைக் கீழே கீழே இறக்கி, வலிக்க வலிக்கப் பாரம் ஏற்றினார். நாண் அறுபடவில்லை. வாரங்கள் போகப் போக வலி குறைந்து, ஒரு கட்டத்தில் போயே போய்விட்டது.

அதை அவர் முறையான பயிற்சியாக்கி 1998-ல் வெளியிட்டார். அறுவைக்குக் காத்திருந்த 15 பேர், எல்லோரும் நம் போன்ற பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்கள். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலையும் மாலையும், வாரம் ஏழு நாளும். ஒரு நாளைக்கு 180 முறை. வலி குறைந்தால் முதுகுப்பையில் எடை ஏற்ற வேண்டும். 12 வாரத்தில் 15 பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாண் குதி எலும்போடு சேருகிற இடத்திலேயே வலி இருப்பவர்களுக்கு இது அவ்வளவு உதவுவதில்லை. ஆனாலும் அந்த 15 பேர் காட்டிய திசை மாறவில்லை: நோய்ப்பட்ட தசைநாண் ஓய்வில் கெட்டிப்படுவதில்லை, அளந்து கொடுக்கிற பாரத்தில்தான் கெட்டிப்படுகிறது.

2007-ல் இன்னொரு ஸ்வீடன் ஆய்வு, இதே வலியுள்ளவர்களில் ஒரு பிரிவை ஓட்டத்தை அடியோடு நிறுத்தவைத்தது. மற்றொரு பிரிவை, வலியைப் பத்துக்கு இத்தனை என்று கணக்கிட்டு ஐந்தைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் தணிந்துவிடுகிற அளவில் ஓட அனுமதித்தது. ஓடியவர்கள் நிறுத்தியவர்களைவிட மோசமாகவில்லை. மறுநாள் காலை என்ற இந்தச் சோதனையை எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். ஓடும்போது எப்படி இருந்தது என்பதைவிட, அடுத்த நாள் எழுந்து முதல் அடி வைக்கும்போது நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்பதே தசைநாணின் பதில். எலும்புக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதைத் திரும்பவும் சொல்லிவிடுகிறேன்.

நான் பார்க்கிற பெரிய துன்பம் இந்த 12 வாரத்தில்தான் வருகிறது. மூன்றாவது வாரம் வலி பாதியாகும். அன்றைக்கே பயிற்சி நின்றுவிடும், ஓட்டம் தொடங்கிவிடும். ஐந்தாவது வாரம் பழைய இடத்துக்கே திரும்பி வருவார்கள். வலி போனதற்கும் நாண் தேறியதற்கும் நடுவே சில மாதங்கள் இருக்கின்றன. காரணம் முதலில் சொன்னதுதான், உடம்பு ஒரே வேகத்தில் பழகுவதில்லை.

நம் ஊர் வைத்தியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். சுளுக்கு வழிக்கிறவரிடம் போகிறோம், எண்ணெய் போட்டு நீவிக்கொள்கிறோம், எலும்பென்றால் புத்தூர் கட்டு. தசைப்பிடிப்புக்கு நல்ல கை பட்டு நீவினால் இதமாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே விரலால் தொட்டுக் காட்டுகிற வலியை யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள். அங்கே எலும்பில் விரிசல் இருந்தால் ஒவ்வொரு அழுத்தமும் கேடு. ஐஸ் வைப்பது வலியை மரக்கவைக்கும், அவ்வளவே. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் ஒரே சூத்திரமாகச் சொன்ன அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, பிற்பாடு ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒரு மருத்துவர் தன் புகழ்பெற்ற சூத்திரத்தையே வெளிப்படையாகத் திருத்துவது அபூர்வம். அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

ஆறுவதற்குச் சோறும் தூக்கமும் வேண்டும். இதைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஆனால் ஒரு பகுதியை விட முடியாது. அது ஓடுகிற பெண்களைப் பற்றியது. எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து, ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். மாதவிடாய் தள்ளிப் போகிறது, பிறகு நின்றே போகிறது. "நிறைய ஓடினால் அப்படித்தான்" என்று குழுவிலேயே யாராவது சமாதானம் சொல்கிறார்கள். அது சமாதானத்துக்குரிய விஷயம் இல்லை. செலவழிக்கிற சக்திக்கு ஈடாக உணவு வராதபோது உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் ஒன்று அது. அதோடு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இதை ஒரு தனி நோய்நிலையாகவே வரையறுத்து, ஆண்களுக்கும் இது வரும் என்று சேர்த்துச் சொன்னது. மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் ஓட்டத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு, விடியற்காலை 20 கிலோமீட்டர் ஓடுகிற பெண்களை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் இருக்கிற ஆண்களுக்குச் சொல்கிறேன்: அவர்களுடைய தட்டை முதலில் நிரப்புங்கள்.

பந்தய நாளுக்கு வருவோம். அன்று காயத்தைவிடப் பெரிய ஆபத்துகள் மூன்று உண்டு: வெயில், தண்ணீர், மாத்திரை. இதயத்தை நான்காவதாகச் சொல்வேன்.

தண்ணீரின் வரலாறே விசித்திரமானது. 1904-ல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தான் கடும் வெப்பத்தில், புழுதிச் சாலையில் நடந்தது. வழியில் தண்ணீர் கிடைத்த இடங்கள் மிகச் சில. 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸுக்கு உதவியாளர்கள் தண்ணீர் கொடுக்காமல் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷத்தையும் பிராந்தியையும் கொடுத்தே கடைசிவரை இழுத்துவந்தார்கள். அங்கிருந்து எதிர் மூலைக்குப் போனோம். "தாகம் எடுக்கும்முன் குடி, முடிந்த மட்டும் குடி" என்பது வேதவாக்கானது. 2002-ல் பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்டத்தின் முடிவில் எடை கூடியிருந்தவர்களுக்கே அது அதிகம். அதே பந்தயத்தில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனாலேயே இறந்துபோனார். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு, நாலரை ஐந்து மணி நேரம் சாலையில் இருந்து ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கோப்பை குடிக்கிறவர்களுக்கு, இந்த ஆபத்து கூடுதல். தாகத்துக்குக் குடியுங்கள். ஓடி முடித்தவர் தலைவலி, குமட்டல் என்று சொல்லி, விரல்கள் வீங்கி, பேச்சுக் குழறினால் அவர் வாயில் இன்னொரு பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போங்கள்.

வெயிலைப் பொறுத்தவரை சென்னைக்காரர்கள் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார்கள். ஜனவரியில்தானே ஓடுகிறோம், மார்கழிக் குளிர்தானே என்கிறார்கள். வெப்பம் குறைவுதான், ஆனால் கடற்கரைக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வை ஒன்றையும் குளிர்விப்பதில்லை. அதனால் குளிர்நாட்டு அட்டவணையில் உள்ள வேகத்தை ஈ.சி.ஆரில் அப்படியே பிடிக்க முயலாதீர்கள்.

இதைச் சமாளித்துக் காட்டிய இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபால்மத் என்ற கடலோர ஊரில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஏழு மைல் பந்தயம் நடக்கிறது. 18 ஆண்டுப் பதிவுகளைப் பார்த்தபோது 274 பேர் வெப்பத்தாக்கில் விழுந்திருந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. காரணம் மிக எளிமையானது: பந்தய முடிவில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய தொட்டிகள். விழுந்தவரை உடனே கழுத்தளவு அதில் இறக்கிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் பிறகுதான். உடல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டியவருக்கு முதல் அரை மணி நேரம்தான் உயிர். அந்த அரை மணி நேரத்தைப் போக்குவரத்தில் தொலைக்கக் கூடாது.

மாத்திரை. வலி தெரியாமலிருக்க ஓடும்முன்னே இபுப்ரோஃபெனோ டைக்ளோஃபினாக்கோ போட்டுக்கொள்கிற வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தை இவை மேலும் சுருக்குகின்றன. 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் 89 பேரிடம் நடத்தி 2017-ல் வெளிவந்த ஆய்வில், இபுப்ரோஃபென் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. மாத்திரை இல்லாமல் தொடங்க முடியாத கால், தொடங்கக் கூடாத கால்.

இதயத்தைப் பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை ஒரு கோடியே ஒன்பது லட்சம் பங்கேற்புகளை ஆராய்ந்ததில் இதயம் நின்றவர்கள் 59 பேர். மிகக் குறைவு. ஆனால் உங்கள் அப்பாவுக்கோ சித்தப்பாவுக்கோ ஐம்பதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அந்தக் கணக்கு உங்களுக்கு அல்ல. அமெரிக்காவை ஓடவைத்த புத்தகங்களில் ஒன்றை 1977-ல் எழுதிய ஜிம் ஃபிக்ஸ், 1984-ல் ஓடும்போதே விழுந்து 52 வயதில் இறந்தார். அவருடைய தந்தை 43 வயதில் மாரடைப்பில் இறந்தவர். பிரேதப் பரிசோதனையில் இதயக் குழாய்கள் மோசமாக அடைத்திருப்பது தெரிந்தது. ஓடுகிறோம் என்பதே பரிசோதனை ஆகிவிடாது. மேட்டில் ஏறும்போது நெஞ்சிலோ தாடையிலோ ஓர் இறுக்கம் வந்து, நின்றால் போகிறது என்றால் அதை வாயு என்று சொல்லித் தள்ளாதீர்கள்.

பந்தயம் முடிந்த பிறகு எத்தனை நாள் ஓய்வு? ஜாக் ஃபாஸ்டர் என்பவரைச் சொல்ல வேண்டும். நியூசிலாந்துக்காரர், சைக்கிள் ஓட்டியவர், முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஓடவே தொடங்கினார். வேலை, குடும்பம் எல்லாம் உண்டு. 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டி மாரத்தானில், 41 வயதில், இரண்டு மணி பதினொன்றரை நிமிடத்துக்குள் ஓடி வெள்ளி வாங்கினார். பந்தயத்தில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் இலகுவாக ஓடுவது அவர் வைத்திருந்த கணக்கு. மாரத்தானுக்கு 26 நாள். அறிவியல் பூர்வமாக நிறுவப்பட்ட எண் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வயதில் அந்த வேகத்தில் ஓடியவர் தனக்கு ஒரு மாதம் கொடுத்துக்கொண்டார் என்றால், டிசம்பரில் ஒன்று, ஜனவரியில் இரண்டு, பிப்ரவரியில் ஒன்று என்று மெடல் சேர்க்கிற நாம் எதை நம்பி ஓடுகிறோம் என்று கேட்டுப்பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு "அப்போ ஓடாமலே இருந்தால் முட்டியாவது மிஞ்சும்" என்று உங்கள் மாமியார் சொன்னால் அவரிடம் சொல்ல ஒரு கணக்கு தருகிறேன். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகவே ஓடுகிற உச்ச நிலை ஓட்டக்காரர்களில் 13.3 சதவீதம். ஏற்கெனவே மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் ஓட வருகிறார்கள் என்பதும் அதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆனாலும் நம்மைப் போலப் பொழுதுபோக்காக ஓடினால் முட்டி தேயும் என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் இல்லை.

அடிபட்டு உட்கார்ந்திருக்கிறவரின் மனசைப் பற்றிப் பேசாமல் இந்த உரை முடியாது. வெளியே இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. "ரெண்டு மாசம் ஓடலேன்னா என்ன குடிமுழுகிப் போச்சு?" என்பார்கள். விடியற்காலை அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவர் அலுவலகத்தைச் சேராதவர், வீட்டுக் கடனைச் சேராதவர். அந்த நேரம் போய்விடுகிறது. கூடவே நண்பர்களும் போய்விடுகிறார்கள், ஏனென்றால் அவர்களைப் பார்ப்பது ஓட்டத்தில் மட்டும்தான். குழுவில் ஞாயிறு காலை படங்கள் வந்து விழும்போது செல்பேசியைக் கவிழ்த்து வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது, அப்புறம் ஆறாத காலோடு திரும்பி வருகிறார்கள். அவசரப்பட்டு வருகிறவர்களில் பலரை ஓட்டத்தைவிட அந்தத் தனிமைதான் துரத்துகிறது. இதற்கு மருந்து மருத்துவரிடம் இல்லை, குழுவிடம் இருக்கிறது. அடிபட்டவரை அந்த நாலரை மணிக்கே சைக்கிளில் வரச் சொல்லுங்கள். ஓட்டம் முடிந்து காபி குடிக்கிற இடத்துக்கு நேரே வரச் சொல்லுங்கள். திரும்பி ஓட வரும் முதல் வாரங்களில், நாலு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம் என்று அவர் தொடங்கும்போது, ஒருவராவது தன் வேகத்தை விட்டுவிட்டு அவரோடு நடங்கள். அரை மணி நேரம் வேகமாக நடந்து மறுநாள் வலி கூடாமல் இருந்தால்தான் அந்த ஒரு நிமிடத்தையே தொடங்க வேண்டும் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கடைசியாகப் பந்தயம் நடத்துகிறவர்களிடம் இரண்டு கோரிக்கைகள் உண்டு. அவர்களில் சிலர் இங்கே இருப்பதால் நேரிலேயே வைக்கிறேன். நாங்கள் ஆறு மாதம் முன்னால் பணம் கட்டுகிறோம். மூன்று வாரம் முன்னால் கால் போய்விட்டால் பணமும் போய்விடுகிறது, இடமும் போய்விடுகிறது. அதற்காகவே நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். லண்டன் மாரத்தானில் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வழி இருக்கிறது. நியூயார்க்கில் முன்கூட்டி விலகினால் அடுத்த ஆண்டு இடம் உறுதி, கட்டணம் மட்டும் மறுபடி கட்ட வேண்டும். அதையாவது இங்கே கொடுங்கள். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்வரை, காரணம் கேட்காமல், அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி போதும். ஓடக் கூடாதவர் ஓடாமல் இருக்க அது ஒரு பெரிய துணை. இரண்டாவது, முடிவுக் கோட்டில் ஐஸ் தொட்டிகள், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆட்கள், வெப்பத்தை ஆசனவாய் வழி சரியாக அளக்கிற வெப்பமானி. நெற்றியில் காட்டுகிற கருவி ஓட்டக்காரர் விஷயத்தில் தவறாகக் காட்டும். ஒரு மேடை அலங்காரத்துக்கு ஆகிற செலவுகூட இதற்கு ஆகாது. ஓட்டக்காரர்களுக்கும் சொல்கிறேன். அடுத்த பந்தயத்துக்குப் பதிவு செய்யும்முன் இந்த இரண்டும் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். குழுவாகக் கேளுங்கள். பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.